அனசார்கா என்றால் என்ன, அந்தப் பெயர் எப்படி வந்தது?

கேள்வி இது: “உறவினர் ஒருவரின் மருத்துவக் குறிப்பில் ‘அனசார்கா’ என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டால் வீக்கம் என்கிறார்கள். வீக்கத்துக்கு எடிமா என்ற சொல் இருக்கிறதே, பிறகு இது எதற்கு? இது தனி நோயா? எந்த மொழிச் சொல்?”

தனி நோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்விப்படாத பெயராக இருப்பதால் ஏதோ அரிய வியாதி வந்துவிட்டது என்று பலர் கலங்கிப்போகிறார்கள். காய்ச்சல், மூச்சிரைப்பு, மஞ்சள் காமாலை என்பவை போல இதுவும் கண்ணால் பார்க்கிற ஒரு நிலையின் பெயர்தான். காய்ச்சலுக்குப் பின்னால் நூறு காரணங்கள் இருக்கலாம். அனசார்காவுக்குப் பின்னாலும் பல காரணங்கள் இருக்கலாம். கணுக்காலில் மட்டும் வீங்கினால் அது எடிமா. முகம், கை, தொடை, முதுகு, வயிற்றின் மேல்தோல், பிறப்புறுப்பு என்று எங்கே தொட்டாலும் தோலுக்கடியில் நீர் கோத்து, தலை முதல் கால் வரை உடம்பு ஊதியிருந்தால் அது அனசார்கா. பெரும்பாலும் வயிற்றறையிலும் நுரையீரலைச் சுற்றியும் கூட நீர் சேர்ந்திருக்கும். எடிமா எவ்வளவு கூடினால் அனசார்கா என்று மாறும் என்பதற்கு லிட்டர் கணக்கோ சென்டிமீட்டர் கணக்கோ கிடையாது. மருத்துவரின் கண்ணும் கட்டைவிரலும் எடுக்கும் முடிவு அது.

சொல் கிரேக்கம். ‘அனா’ என்றால் மேலே, ஊடாக, நெடுக என்று பொருள். ‘சார்க்ஸ்’ என்றால் தசை, ஊன். அது வேற்றுமை ஏற்கும்போது ‘சார்க்கா’ ஆகும். ‘அனா சார்க்கா’ என்றால் ‘ஊன் நெடுக’. முதலில் இது ஒற்றைச் சொல்லாகவே இல்லை. ‘ஹைட்ரோப்ஸ் அனா சார்க்கா’, அதாவது ‘ஊன் முழுக்கப் பரவிய நீர்க்கோவை’ என்ற தொடரின் வால்தான் அது. காலப்போக்கில் தலை உதிர்ந்து, வால் மட்டும் இடைக்கால லத்தீனில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு ‘அனசார்கா’ ஆனது. ஆங்கிலத்துக்குள் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. ஆக, அந்தப் பெயரில் நீரும் இல்லை, வீக்கமும் இல்லை. எங்கே என்பது மட்டும்தான் இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. அனீமியா என்பதில் முன்னால் இருக்கும் ‘அன்’ இல்லாமையைக் குறிப்பது. இரத்தம் என்று பொருள்படும் ‘ஹைமா’வுடன் சேர்ந்து இரத்தமின்மை. அதே கணக்கில் அனசார்காவைப் பிரித்து ‘சதையின்மை’ என்று பொருள் கொண்டால் முழுத் தவறு. இங்கே இருப்பது ‘அன்’ இல்லை, ‘அனா’. உடலை அறுத்து ஆராயும் அனாட்டமியில் இருப்பதும் இதே ‘அனா’தான்.

சார்க்ஸின் சொந்தக்காரர்கள் மருத்துவத்தில் நிறைய. சார்க்கோமா என்னும் புற்றுநோய் வகை, சார்காய்டோசிஸ், முதுமையில் தசை கரைவதைக் குறிக்கும் சார்க்கோபீனியா. மருத்துவத்துக்கு வெளியேயும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் குத்தல் பேச்சைக் குறிக்கும் சார்க்காசம், சதையைக் கிழிப்பது என்ற வினையிலிருந்து பிறந்தது. கல்லால் ஆன சவப்பெட்டிக்குச் சார்க்கோஃபேகஸ் என்று பெயர். ‘ஊன் தின்னி’ என்று அர்த்தம். அசோஸ் என்ற ஊரின் கல்லில் வைத்த பிணம் பற்களைத் தவிர 40 நாளில் கரைந்துவிடும் என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். கல் அப்படிச் செய்ததோ இல்லையோ, பெயர் நின்றுவிட்டது.

‘எங்கே’ என்பதை மட்டும் ஏன் பெயராக வைத்தார்கள்? அன்றைய மருத்துவர்கள் நீர்க்கோவையை ஒரே நோயாகப் பார்த்தார்கள். நீர் எங்கே தேங்குகிறது என்பதைக் கொண்டுதான் அதன் வகைகளைப் பிரித்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய செல்சஸ் மூன்று வகை சொல்கிறார். வயிறு விறைத்து, உள்ளே காற்று அசைந்து அடிக்கடி ஓசை எழுந்தால் டிம்பனைட்டிஸ். முரசுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். வயிற்றுக்குள் நீர் நிரம்பித் தளும்பினால் அசைட்டிஸ். தோல் பைக்கு, அதாவது மது ஊற்றிவைக்கும் ஆட்டுத்தோல் பைக்கு, ‘அஸ்கோஸ்’ என்று பெயர். மூன்றாவது வகையில் உடம்பு முழுவதும் மேடுபள்ளமாக ஊதியிருக்கும். அதற்கு அவர் கிரேக்கர் வழங்கும் இரண்டு பெயர்களைத் தருகிறார்: வெண்கபம் என்று பொருள்படும் லூக்கோஃபிளெக்மாஷியா, அல்லது ‘ஹைப்போ சார்க்கா’, அதாவது ஊனுக்கு அடியில். ‘அடியில்’ என்பதும் ‘நெடுக’ என்பதும் அந்தக் காலத்தில் பக்கத்தில் பக்கத்தில் புழங்கியிருக்கின்றன. கடைசியில் வென்றது ‘நெடுக’. அசைட்டிஸ் இன்றும் அதே பொருளில் புழங்குகிறது. டிம்பனைட்டிஸ் காற்றால் வயிறு உப்புவதற்கு ஒதுங்கிப்போனது. லூக்கோஃபிளெக்மாஷியாவை இன்று யாரும் அந்தப் பொருளில் எழுதுவதில்லை.

தமிழிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. வயிறு பெருத்தால் மகோதரம், உடம்பு வீங்கினால் சோபை. இரண்டுக்கும் பொதுவாக நீர்க்கோவை. தமிழ் விவிலியத்தில் லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ‘நீர்க்கோவை வியாதியுள்ள ஒரு மனுஷன்’ வருகிறான். கிரேக்க மூலத்தில் அவன் ஹைட்ரோப்ஸ் உள்ளவன். ‘ஹைடோர்’ என்ற தண்ணீர்ச் சொல்லிலிருந்து பிறந்த இந்த ஹைட்ரோப்ஸ்தான் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முன்னெழுத்தைத் தொலைத்து, ‘டிராப்சி’ ஆனது. பழைய ஆங்கில நூல்களிலும் கல்லறைப் பதிவுகளிலும் டிராப்சி என்று பார்த்தால் அது இதய நோயாகவும் இருக்கலாம், சிறுநீரக நோயாகவும் இருக்கலாம், கல்லீரல் சுருங்கியதாகவும் இருக்கலாம். எடிமாவும் கிரேக்கம்தான், வீங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. குழந்தையாக இருக்கும்போதே கால்கள் துளைத்துக் கட்டப்பட்ட ஈடிபஸ் மன்னனின் பெயருக்கு ‘வீங்கிய பாதன்’ என்று பொருள் சொல்வார்கள். அங்கே இருப்பதும் இதே வினை.

சரி, ஊன் நெடுக நீர் எப்படி வருகிறது? எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் சுமார் 42 லிட்டர் நீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள். இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 3 லிட்டர் அளவுதான். மிச்சமுள்ள 10, 11 லிட்டர் செல்களுக்கு இடையில், நனைந்த பஞ்சில் இருப்பதுபோல் இழைகளிலும் கூழ்ப்பொருளிலும் பிடிபட்டு, ஓடாமல் நிற்கிறது. வீக்கம் என்பது இந்த இடைநீர் பெருகுவது. பெருகி, கூழ் பிடித்துவைக்கும் அளவைத் தாண்டியதும் நீர் தனியாக நகர ஆரம்பிக்கும். விரலால் அழுத்தினால் அந்த நீர் ஒதுங்கிப் போகும். விரலை எடுத்தால் திரும்பி வரச் சற்று நேரம் பிடிக்கும். கணைக்கால் எலும்பு மேல் கட்டைவிரல் பதித்த குழி அப்படியே நிற்பது அதனால்தான்.

இந்த இடைநீர் எங்கிருந்து வருகிறது என்றால், தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் வழியே இரத்தத்திலிருந்து கசிந்து வருகிறது. இதயத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளும். இரத்தத்தில் உள்ள புரதம், முக்கியமாக அல்புமின், நீரை உள்ளே இழுத்துப் பிடிக்கும். இந்த இரண்டின் இழுபறியை 1896-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கில உடலியலாளர் எழுதினார். தந்துகியின் ஒரு முனையில் நீர் வெளியேறி மறுமுனையில் உள்ளே திரும்புகிறது என்று பாடநூல்களில் ஒரு படம் இருக்கும். அந்தப் படம் அழகானது. ஆனால் பெரும்பாலான திசுக்களில் நடப்பது அது இல்லை என்று இப்போது தெரிகிறது. வெளியேறிய நீரைத் திரும்ப இரத்தத்துக்குக் கொண்டுசேர்க்கும் வேலையில் பெரும்பங்கு நிணநீர்க் குழாய்களுடையது. அவை ஓரளவு வரை கூடுதல் சுமையைத் தாங்கும். அதற்கு மேல் போனால் நீர் தங்கிவிடும்.

ஆக, தந்துகியில் அழுத்தம் கூடினால், அல்புமின் குறைந்தால், சுவர் ஓட்டையானால், நிணநீர் அடைபட்டால் வீங்கும். இவ்வளவு சொன்னாலும் அனசார்காவுக்கு விளக்கம் முடியவில்லை. ஒரு கணக்கு இடிக்கிறது. பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டர். அனசார்கா வந்தவரின் உடம்பில் கூடுதலாக 10 லிட்டரோ அதற்கு மேலோ சேர்ந்திருக்கிறது. அவ்வளவும் இரத்தத்திலிருந்து கசிந்திருந்தால் இரத்தம் எப்போதோ வற்றியிருக்க வேண்டும். வற்றவில்லை. காரணம், கசியக் கசியச் சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து நிரப்பிக்கொண்டே இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த விஷயத்தின் மையம் இதுதான். கசிவு எங்கே தொடங்கினாலும், சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்காமல் உடம்பு முழுக்க வீங்கவே வீங்காது. உடம்பில் தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்புக்கும் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் கூடவே தங்குகிறது.

சிறுநீரகம் ஏன் இப்படிச் செய்கிறது? இதயம் பலவீனமானால் தமனிகளில் ஓட்டம் குறைகிறது. சிறுநீரகத்துக்கு உடம்பின் மொத்த நீர் எவ்வளவு என்று தெரியாது. தன்னிடம் வந்துசேரும் இரத்தத்தின் வேகத்தை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. ஓட்டம் குறைந்ததும், உடம்பு வறண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது, அதன் தொடர்ச்சியாக ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் கூடுகிறது, உப்பு சேமிக்கப்படுகிறது. காலில் நீர் வழிய நிற்கும் மனிதனின் சிறுநீரகம் பாலைவனத்தில் இருப்பவனுக்குச் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. கல்லீரல் சுருங்கிய நிலையிலும் ஏறக்குறைய இதே ஏமாற்றம்தான்: வயிற்றுப் பக்க இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுவதால் மற்ற இடங்களில் இரத்தம் குறைந்ததுபோல் ஆகிவிடுகிறது. நெஃப்ராட்டிக் நோய்த்தொகுப்பில் சிறுநீரகத்தின் வடிகட்டியே ஓட்டையாகி நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் சிறுநீரில் போகும். அல்புமின் குறைவதால்தான் வீங்குகிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். ஆனால் பிறவியிலேயே அல்புமின் ஏறக்குறைய இல்லாமல் வாழும் அபூர்வமான சிலர் இருக்கிறார்கள்; அவர்களுக்கு லேசான வீக்கம்தான் இருக்கிறது. அல்புமின் குறைவு ஒரு காரணம் என்பது உண்மை, ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. நோயுற்ற சிறுநீரகம் உப்பை நேரடியாகவே பிடித்துவைப்பதும் பலரிடம் பெரும்பங்கு வகிக்கிறது.

இந்தப் புரிதலுக்கு வந்துசேர நெடுங்காலம் ஆனது. பழங்காலத்தில் பழியெல்லாம் கல்லீரல் மேல்தான். 1669-இல் ரிச்சர்ட் லோயர் என்ற ஆங்கில மருத்துவர் நாயின் பெருஞ்சிரையைக் கட்டிப் பார்த்தார். வயிற்றில் நீர் சேர்ந்தது. கழுத்துச் சிரைகளைக் கட்டினார், தலை வீங்கியது. இரத்தம் திரும்பும் பாதையில் அடைப்பு இருந்தால் நீர் கோக்கும் என்று அப்படித்தான் தெரிந்தது. 1764-இல் இத்தாலியரான கொட்டுன்யோ, உடம்பு வீங்கிய ஒரு படைவீரனின் சிறுநீரைச் சூடாக்கினார். அது முட்டை வெள்ளைபோல் உறைந்தது. 1827-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் இதை முழுமையாக்கினார்: இறந்தவர்களைத் திறந்து பார்த்து, சிறுநீர் உறைந்த நீர்க்கோவைக்காரர்களின் சிறுநீரகம் கெட்டிருப்பதைக் காட்டினார். ஒரு கரண்டியும் மெழுகுவர்த்தியும் போதும், படுக்கை அருகிலேயே சோதித்துவிடலாம். நீர்க்கோவை என்ற ஒற்றை நோய் உடைந்தது அங்கேதான். சிறுநீரக நீர்க்கோவை, இதய நீர்க்கோவை, கல்லீரல் நீர்க்கோவை என்று பிரிந்து, பிறகு ‘நீர்க்கோவை’யும் கழன்று உறுப்பின் பெயரால் நோய்கள் நின்றன. டிராப்சி மருத்துவச் சொல்லாக மங்க ஆரம்பித்தது. அனசார்கா மங்கவில்லை. அது எப்போதும் இடத்தை மட்டுமே சொல்லிவந்ததால், காரணம் மாறியபோதும் அதற்குச் சேதமில்லை.

இந்த வரலாற்றில் புகழ்பெற்ற கதை ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங்குடையது. 1775-இல் ஷ்ரோப்ஷயரில் ஒரு மூதாட்டி நீர்க்கோவைக்கு வைத்திருந்த குடும்பக் கைமருந்து பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார்கள். இருபது மூலிகைகள் சேர்ந்த கலவை. அதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் செடிதான் என்று அவர் ஊகித்தார். பத்தாண்டு கொடுத்துப் பார்த்து, குணமானவர்களையும் ஆகாதவர்களையும் சேர்த்தே எழுதி, 1785-இல் நூலாக வெளியிட்டார். அது நீரைப் பெருக்கும் மருந்து என்றுதான் நினைத்தார்; இதயத்தின் இயக்கத்தின் மேல் அதற்கு வேறெந்த மருந்துக்கும் இல்லாத சக்தி இருக்கிறது என்றும் குறித்துவைத்தார். அந்தச் செடியிலிருந்து வந்த டிஜாக்சின் இன்றும் சிலருக்குத் தரப்படுகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத இடத்தில் ஊசியும் கத்தியும்தான். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சன் 1784 டிசம்பரில், இறக்கும் நாளன்று, நீரை வடிக்கத் தன் வீங்கிய கால்களைத் தானே குத்திக்கொண்டார். 1870-களில் ரெஜினால்ட் சதி என்ற மருத்துவர் தோலுக்கடியில் செருகும் மெல்லிய குழாய்களை உருவாக்கினார். வாளியில் லிட்டர் லிட்டராக நீர் சொட்டும், பிறகு அந்தத் துளைகள் வழியே கிருமி நுழையும்.

இதைவிடப் பழைய கதை ஹெராக்ளிடஸ். நீர்க்கோவை வந்த அந்தத் தத்துவவாதி மருத்துவர்களிடம் போய், ‘பெருமழைக்குப் பின் வறட்சியை உண்டாக்க உங்களால் முடியுமா?’ என்று விடுகதை போட்டாராம். அவர்களுக்குப் புரியவில்லை. மாட்டுத் தொழுவத்துக்குப் போய்ச் சாணத்துக்குள் புதைந்து, அந்தச் சூட்டில் நீர் ஆவியாகும் என்று காத்திருந்து இறந்துபோனார் என்று டயோஜெனிஸ் லாயர்டியஸ் எழுதுகிறார். தத்துவவாதிகளை நக்கலடிக்கக் கட்டிய கதையாகவே இருக்கும். விடுகதை மட்டும் நல்ல விடுகதை.

இப்போது நடைமுறைக்கு வருவோம். காரணம் எது என்பதற்கு வீக்கம் தொடங்கிய இடம் துப்புக் கொடுக்கும். மாலையில் கணுக்கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டினால் இதயத்தின் மேல் சந்தேகம் போகும். காலையில் எழும்போது கண் இமை வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் சிறுநீரகம். முதலில் வயிறு, பிறகு கால் என்றால் கல்லீரல். முழு அனசார்கா ஆனபின் இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால்தான் தொடக்கத்தில் எங்கே வீங்கியது என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பார். படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் கால் மெலிந்து தெரியலாம். நீர் புவியீர்ப்புப்படி இடுப்புக்குப் பின்புறம் இறங்கியிருக்கும், புரட்டிப் பார்த்து அழுத்தினால்தான் தெரியும். தீவிர சிகிச்சைப் பிரிவில் காரணம் வேறாக இருக்கலாம்: கடும் நோய்த்தொற்றில் தந்துகிச் சுவர்கள் கசிய, இரத்த அழுத்தத்தைக் காக்க நரம்பு வழியே ஏற்றிய திரவமும் சேர்ந்து, இரண்டு மூன்று நாளில் ஆளே அடையாளம் தெரியாமல் ஊதிப்போவார்.

ஒரு விஷயம் குடும்பத்தாரை அடிக்கடி ஏமாற்றும். ஊதிய உடம்பு சத்தான உடம்பு இல்லை. நீண்ட நாள் நோயில் தசை கரைந்திருக்கும். அந்த இடத்தை நீர் நிரப்பியிருப்பதால் எடை குறையாமலே இருக்கும், ஏறக்கூடச் செய்யும். நீர் வடிந்த பிறகுதான் எலும்பும் தோலுமான உருவம் வெளியே வரும். ‘சிகிச்சையில் இளைத்துவிட்டார்’ என்று அப்போது வருந்துவார்கள். இளைப்பு முன்பே நடந்துமுடிந்தது. உணவில் புரதம் போதாத குழந்தைகளிடம் இது கொடூரமாக இருக்கும். 1930-களில் இன்றைய கானாவில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பால் நிறுத்தப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் வீக்கம் என்று அந்த ஊர் கா மொழியில் வழங்கிய பெயராலேயே அதை அழைத்தார்: குவாஷியோர்கர். கொழுகொழு என்று தெரியும் கன்னம், உள்ளே பட்டினி.

பெயரில் ஒத்துவராத சில வீக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வாமையில் உதடும் இமையும் சட்டென்று புடைப்பது ஆஞ்சியோஎடிமா. தொண்டைக்குப் பரவினால் நிமிடக்கணக்கில் உயிராபத்து, ஆனால் அனசார்கா இல்லை. யானைக்கால் நிணநீர் அடைப்பால் வருவது. நாளடைவில் தோல் தடித்துக் கல்லாகி, அழுத்தினாலும் குழி விழாது. தைராய்டு மிகக் குறைந்தால் வரும் மிக்சிடிமாவிலும் குழி விழாது. அங்கே சேர்வது வெறும் நீர் இல்லை, நீரை இறுகப் பிடிக்கும் கூழ்ப்பொருள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

பிறக்காத குழந்தைக்கும் அனசார்கா வரும். தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்று இருக்கும்போது, தாயின் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் சிவப்பணுக்களை அழித்து, கடும் சோகையில் அதன் இதயம் தளர்ந்து, கருவிலேயே உடம்பு முழுக்க நீர் கோக்கும். ஸ்கேனில் தோலுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவே கருப்பாக ஒரு விளிம்பு தெரியும். இதற்குப் பெயர் ஹைட்ரோப்ஸ் ஃபீட்டாலிஸ். கிரேக்கர்களின் அந்தப் பழைய ஹைட்ரோப்ஸ் மருத்துவமனைகளில் இன்னும் உயிரோடு இருப்பது முக்கியமாக இங்கேதான். தாயிடம் அந்த எதிர்ப்புப் புரதம் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968-இல் வந்தபின் ஆர்எச் காரணம் வெகுவாகக் குறைந்தது. இப்போது பார்ப்பவற்றில் பெரும்பாலானவை வேறு காரணங்களால் வருபவை. டிராப்சி என்ற சொல்லும் ஒரு மூலையில் பிழைத்திருக்கிறது: பிரம்மத்தண்டு விதையின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் கூட்டங்கூட்டமாக வரும் வீக்கத்துக்கு எபிடெமிக் டிராப்சி என்றுதான் பெயர். 1998-இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெயால் வந்த பரவலில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சிகிச்சை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நீர் மாத்திரை. அதன் பிறப்பும் தற்செயல்தான்: 1919-இல் வியன்னாவில் சிஃபிலிஸ் நோய்க்குக் கொடுத்த பாதரச ஊசியால் சிறுநீர் கொட்டுவதை ஒரு மருத்துவ மாணவர் கவனித்தார். பல்லாண்டுகள் பாதரசம்தான் வழி. 1950-களின் இறுதியில் குளோரோதயசைடும், 1960-களில் ஃபுரோசமைடும் வந்தபின் அந்த நஞ்சு விலகியது. ஆனால் நீரை வடிப்பது பாதி வேலைதான். நெஃப்ராட்டிக் குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் சிறுநீரில் புரதம் நிற்கும், வீக்கம் தானே வடியும். தயமின் பற்றாக்குறையால் வரும் ஈர பெரிபெரியில் அந்த வைட்டமினை ஊசியில் ஏற்றினால் மணிக்கணக்கில் மாற்றம் தெரியும். குவாஷியோர்கர் குழந்தைக்கு நீர் மாத்திரை கொடுக்கவே கூடாது. உணவு தர வீக்கம் போகும், மாத்திரை தந்தால் குழந்தை போய்விடக்கூடும்.

உப்புக் கட்டுப்பாடும் அளவு பார்ப்பதும் மாறாதவை. குடித்த அளவையும் வெளியேறிய சிறுநீரின் அளவையும் அளந்து வை, உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகமானால்தான் குணமாகும் நம்பிக்கை என்று செல்சஸ் அன்றே எழுதியிருக்கிறார். வயிற்றின் சுற்றளவை நூலால் அளக்கவும் சொல்கிறார். கூடவே, இந்த நோய் சுதந்திரர்களைவிட அடிமைகளுக்கு எளிதில் குணமாகும் என்கிறார். பசியும் தாகமும் பொறுக்க வேண்டியிருப்பதால், கட்டாயப்படுத்தக் கூடியவர்களுக்குத்தான் இந்த வைத்தியம் பலிக்கிறதாம். உப்பில்லாச் சோறு சாப்பிடச் சொல்லிப் பார்த்த எந்த மருத்துவருக்கும் அவர் எரிச்சல் புரியும், உதாரணம் பிடிக்காவிட்டாலும்.

வயிற்றை அளக்கும் நூலைவிட இன்று நம்பகமானது எடை பார்க்கும் கருவி. இடைநீர் இரண்டரை, மூன்று லிட்டர் கூடும்வரை விரலால் அழுத்தினாலும் குழி தெரியாது. ஆனால் ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ; எடையில் முன்பே தெரிந்துவிடும். உங்கள் உறவினர் வீட்டுக்கு வந்தபின் தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், ஒரே கருவியில் எடை பார்த்து எழுதிவையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க வாய்ப்பில்லை, மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். படுக்கும்போது மூச்சு முட்டினால் காத்திருக்கவே வேண்டாம்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது ‘அனசார்கா எப்போது சரியாகும்’ என்பதைவிட, ‘இது எதனால் வந்தது’ என்பது. சிறுநீரில் புரதம் எவ்வளவு, இரத்தத்தில் அல்புமின் எவ்வளவு, இதயத்தின் எக்கோ என்ன சொல்கிறது, கல்லீரல் ஸ்கேனில் என்ன தெரிந்தது, இந்த நான்கும் குறிப்பிலேயே பெரும்பாலும் இருக்கும். அனசார்கா என்ற சொல்லுக்கு இரண்டு வரி கீழேயோ மேலேயோ தேடிப் பாருங்கள்.